பதிஞ்ச காரை வீட்டில தூக்குறது: டிரொலி ஜாக்கா, ரெம்ப்பா, கராஜ் லிஃப்டா?

சில்லுல உருளுற சாதாரண டிரொலி ஜாக் ஒண்டை நிலத்தோட ஒட்டினாப்போல பதிஞ்ச டொயோட்டா 86க்குக் கீழயோ மஸ்தா ரோட்ஸ்டருக்குக் கீழயோ தள்ளிப் பாருங்க, அநேகமா பம்பர்லயோ கதவுக்கடி ஸ்கேர்ட்லயோ முட்டிக்கொண்டு நிக்கும். கடையில சும்மா கிடைக்கிற 2 டன் ஜாக் முழுசா இறக்கி வச்சாலும் 13, 14 செ.மீ உயரம், 86ட கிரவுண்ட் கிளியரன்ஸ் (கார் அடிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி) கம்பனிக் கணக்குலயே 13 செ.மீ தான், அதுல ஆராவது ஸ்பிரிங் மாத்திப் பதிச்சிருந்தா 10 செ.மீ கிட்ட வந்துரும். அப்ப ஜாக் உள்ளுக்குப் போகாது, போகாட்டி ஆக்கள் என்ன செய்யினம் எண்டா பக்கத்துல கிடக்குற கல்லு, பலகை, டிக்கி ஜாக் எண்டு கைக்கு அம்பிட்டதை வச்சுத் தூக்கிப்போட்டு அதுக்குக் கீழயே படுக்கினம். இந்தக் கட்டுரை எழுதுறதே அதுக்காகத்தான்.

2020 மார்ச்ல இலங்கையில வாகன இறக்குமதி நிப்பாட்டினதுல இருந்து 2025 பெப்ரவரி வரைக்கும் சொந்தப் பாவனைக்கு அநேகமா புதுசா கார் வரேல்ல, இருந்த கார்களே கை மாறி மாறி ஓடி வயசு போயிட்டுது, விலையும் ஏறிட்டுது. கொழும்புல இருக்குற 86, மஸ்தா ஆர்எக்ஸ்-8, ரோட்ஸ்டர், ஹொண்டா எஸ்660 எண்ட ஸ்போர்ட்ஸ் கார் எல்லாத்துக்கும் இப்ப புஷ், பிரேக் பேட், கியர் ஒயில், ஷொக் எண்டு ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருக்கு, கராஜ் கூலியும் முந்தின மாதிரி இல்ல, அதால வீட்டிலயே செய்யிற ஆக்கள் கூடிட்டினம். நல்ல விசயம்தான். ஆனா ஸ்பனர் செட்டுக்குக் குடுக்கிற காசுல பாதியையாவது காரைத் தூக்குற சாமானுக்கும் குடுக்கணும் எண்டு நான் நினைக்கிறன்.

பதிஞ்ச காருக்கு எது சரி எண்டு தெரிவு செய்யும்போது எது நல்லா உயரமாத் தூக்கும் எண்டு பாக்காதீங்க. உள்ளுக்குப் போகுமா, எந்த இடத்துல தூக்கும், தூக்கினதுக்குப் பிறகு கார் எதுல நிக்கும், இந்த மூண்டையும்தான் பாக்கணும். மூண்டாவதுதான் உயிர்ப் பிரச்சினை, மத்த ரெண்டும் தகடு வளையுற பிரச்சினை.

முதல்ல டிக்கிக்குள்ள வாற கத்தரி ஜாக். அது ரோட்ல பஞ்சரானா சில்லு மாத்துறதுக்கு மட்டும், அடி ஒடுக்கம், ஒரே ஒரு ஸ்குரூல நிக்குது, பக்கவாட்டா ஒருத்தர் சாஞ்சாலே ஆடும். வீட்டு வேலைக்கு இது கணக்கிலயே இல்ல. இப்ப கனக்க ஸ்போர்ட்ஸ் கார்ல ஸ்டெப்னியும் இல்லாம ஜாக்கும் இல்லாம பஞ்சர் ஒட்டுற கிட் மட்டும்தான் வருது, அதால உங்கட கார்ல இது இல்லாமலே இருக்கலாம். போத்தல் ஜாக் எண்டு லொறிக்காரர் வச்சிருக்குறது இறக்கி வச்சாலும் 18, 20 செ.மீ உயரம், பதிஞ்ச காருக்குக் கீழ போகவே போகாது, விட்டுருங்க.

அடுத்தது லோ புரொஃபைல் டிரொலி ஜாக். வீட்டில செய்யிற ஆக்களுக்கு என்ட தெரிவு இதுதான். இறக்கினா 7.5ல இருந்து 10 செ.மீக்குள்ள இருக்கும், தூக்கினா நல்ல ஜாக் 45, 50 செ.மீ வரைக்கும் போகும். ரெண்டு வகை இருக்கு, இரும்பு, அலுமினியம். இரும்புல 3 டன் ஜாக் 30 கிலோவுக்கு மேல பாரம், அலுமினியம் பாரம் குறைவு ஆனா விலை கூட. வீட்டுப் போர்ச்சிலயே வச்சுப் பாவிக்கிற ஆளுக்கு இரும்பே நல்லம், வெள்ளவத்தைப் பக்கம் ஃபிளாட்ல மூண்டாம் மாடியில இருந்து ஒவ்வொருமுறையும் தூக்கிக்கொண்டு இறங்குற ஆளுக்கு அலுமினியம்தான் சரி, ஏனெண்டா முதுகு நொந்தா அடுத்தமுறை ஜாக்கை எடுக்காம குறுக்குவழி தேடுவீங்க. 1,200 கிலோ காருக்கு 3 டன் எதுக்கு எண்டு கேப்பீங்க, பாரத்துக்கு 2 டன் காணும், எஸ்660 மாதிரி 830 கிலோ காருக்குத் தாராளம், ஆனா 3 டன் ஜாக்ட உடம்பு அகலமாவும் நீளமாவும் இருக்குறதால ஆட்டம் குறைவு, ஜாக்ட தூக்குற கை உள்ளுக்கு எட்டும், அதுக்காகத்தான் சொல்லுறன்.

டிரொலி ஜாக் வேலை செய்யிற விதத்துல ஒரு விசயம் கனபேர் கவனிக்கிறேல்ல. அதுட கை நேரா மேல போறதில்ல, வட்டமா வளைஞ்சு மேல போகும், அதால காரைத் தொடுற குண்டு (கை நுனியில உள்ள வட்டத் தட்டு) மேல போகப்போக பின்னுக்கும் நகரும். அந்த நகர்வை ஈடு செய்யத்தான் ஜாக்குக்குச் சின்னச் சில்லு இருக்கு, ஜாக் தானே உருண்டு காருக்குக் கீழ இன்னும் உள்ளுக்குப் போகணும். சில்லு உருளாட்டி என்ன நடக்கும்? ஒண்டு கார் இழுபடும், இல்லாட்டி குண்டு தூக்குற இடத்தை விட்டு வழுக்கும். இன்டர்லொக் கல்லுப் போட்ட முத்தத்துல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியில அந்த இரும்புச் சில்லு போய் இறுகும், அதைத்தான் பயப்படணும். ஜாக் கைபிடியை நாலு தரம் அடிச்சதும் நிப்பாட்டி, குனிஞ்சு, ஜாக் உருண்டிருக்கா, குண்டு வச்ச இடத்துலயே இருக்கா எண்டு பாருங்க. திருப்பி நாலு அடி, திருப்பிப் பாருங்க.

இப்ப தூக்குற இடம். கதவுக்கடியில ரெண்டு தகட்டைச் சேத்து வெல்ட் அடிச்ச விளிம்பு ஒண்டு நீளத்துக்கு ஓடும், அதுல முன் சில்லுக்குப் பின்னாலயும் பின் சில்லுக்கு முன்னாலயும் ரெண்டு ரெண்டு சின்ன வெட்டு இருக்கும், அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுல உள்ள துண்டு மட்டும்தான் உள்ளுக்குப் பலமாக் கட்டின இடம். அதை விட்டு ஒரு சாண் தள்ளி ஜாக் அடிச்சா விளிம்பு மடியும், மடிஞ்ச இடத்துல பெயின்ட் வெடிக்கும், பெயின்ட் வெடிச்ச இடத்துல கறள் பிடிக்கும். தெஹிவளை, வெள்ளவத்தை எண்டு கடல்காத்து அடிக்கிற பக்கம் இருந்தா அந்தக் கறள் நிக்கவே நிக்காது. ஜப்பான்ல பனி கொட்டுற பக்கம் ரோட்டுக்கு உப்புப் போடுவினம், அங்க ஓடின ரீகண்டிஷன் கார் எண்டா கீழ ஏற்கெனவே கறள் இருக்க வாய்ப்பு இருக்கு, முதல்தரம் ஜாக் அடிக்க முன்னம் டோர்ச் அடிச்சு அந்த விளிம்பை விரலால அமத்திப் பாருங்க, தகடு நொருங்கினா அந்த இடத்துல தூக்கவே வேண்டாம். குண்டுக்கும் விளிம்புக்கும் இடையில, நடுவுல வெட்டு விட்ட ரப்பர் துண்டு ஒண்டு வையுங்க, பாரம் விளிம்புல ஏறாம ரெண்டு பக்கத் தகட்டுலயும் பரவும். இதை வெளிநாட்டுல இருந்து இறக்கத் தேவையில்ல, தடிச்ச ரப்பர் துண்டு ஒண்டு தேடி எடுத்து வாளால நடுவுல ஒரு கோடு அறுத்தா முடிஞ்சுது.

இங்கதான் பதிஞ்ச காரோட பெரிய சிக்கல் வருது. விளிம்புல உள்ள அந்த ஒரே இடத்துல ஜாக்கும் நிக்கணும், பிறகு ஸ்டாண்டும் (தூக்கின காரைத் தாங்குற இரும்புக் கால்) நிக்கணும், ரெண்டும் ஒரே நேரத்துல நிக்கேலாது. உயரமான ஜீப்புக்கு ஷாசி எங்கயும் பிடிக்கலாம், இதுக்கு முடியாது. அதால ஜாக்கை விளிம்புல வைக்காம நடுவுல வையுங்க, முன்னுக்கு எஞ்சினுக்குக் கீழ குறுக்கால ஓடுற பலமான குரொஸ் மெம்பர்ல, பின்னுக்குப் பின்சில் இழுக்குற கார்ல டிஃபரன்ஷல் (பின் சில்லு ரெண்டுக்கும் பலத்தைப் பிரிச்சுக் குடுக்குற பகுதி) கூட்டுல. ரோட்ஸ்டருக்கு மனுவல்லயே முன்னுக்குக் குரொஸ் மெம்பர், பின்னுக்கு டிஃபரன்ஷல் எண்டுதான் சொல்லியிருக்கு. உங்கட காருக்கு எது எண்டு மனுவல்ல படத்தோட இருக்கும், அதைப் பாக்காம ஒருநாளும் ஊகிச்சு வைக்காதீங்க, ஏனெண்டா குரொஸ் மெம்பருக்குப் பக்கத்துலயே எஞ்சின் ஒயில் நிக்குற ஒயில் சம்ப் இருக்கும், அலுமினியச் சம்ப்ல ஜாக் அடிச்சா வெடிச்சுப் போகும். நடுவுல தூக்கினா ஒரே தூக்குல ரெண்டு பக்கமும் சமனா எழும்பும், விளிம்பு இடம் ரெண்டும் ஸ்டாண்டுக்கு மிச்சமா இருக்கும்.

ஆனா நடுவுக்கு எட்டுறதுதான் கஷ்டம். குரொஸ் மெம்பர் பம்பர்ல இருந்து நல்லா உள்ளுக்கு இருக்கு, ஜாக் முழுசா உள்ளுக்குப் போனதும் கைபிடி பம்பர்ல இடிக்கும், அரைத் தரம் கூட பம்ப் அடிக்கேலாது. இதுக்கு நல்ல வழி பலகை. ரெண்டு அங்குலத் தடிப்புல ஒரு அடி அகலத்துல முதிரையோ தேக்கோ வாங்கி, முனையைச் சரிவா அறுத்து, முன் சில்லு ரெண்டையும் மெதுவா அதுக்கு மேல ஏத்தி நிப்பாட்டினா முன்பக்கம் 5 செ.மீ எழும்பும், ஜாக்குக்கு அந்த 5 செ.மீ காணும். பழைய சோனகத் தெருவுல இரும்புச் சாமானும், மரம் அரியுற இடத்துல துண்டுப் பலகையும் எடுக்கலாம், பெட்டி அடிக்கிற மெல்லிசுப் பலகை வேண்டாம், கணு உள்ள பலகையும் வேண்டாம்.

இன்னொண்டு, முன்பக்கத்தை முதல்ல நல்லா உயத்திட்டுப் பிறகு பின்பக்கம் போனா ஜாக் உள்ளுக்குப் போகாது. 86ட வீல்பேஸ் (முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் உள்ள தூரம்) 2,570 மி.மீ, முன்பக்கத்தை 30 செ.மீ தூக்கினா, பின் சில்லுக்குப் பின்னால 80 செ.மீ நீளுற பம்பர் கணக்குப்படி 9 செ.மீ கீழ இறங்கிரும். நாலு சில்லையும் தூக்குற வேலை எண்டா பின் சில்லுக்கும் முதல்லயே பலகை குடுங்க, இல்லாட்டி முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் எண்டு படிப்படியா ஏத்துங்க, ஒவ்வொரு படியிலயும் ஸ்டாண்டையும் கொஞ்சம் கொஞ்சமா உயத்திக்கொண்டு போங்க.

ஸ்டாண்ட் இல்லாம ஜாக் வாங்குறதெண்டா வாங்கவே வேண்டாம். ஜாக் எண்டுறது தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்ல. உள்ளுக்கு இருக்குற ஒயில் ஒரு ரப்பர் சீல்லதான் நிக்குது, அந்தச் சீல் தேஞ்சா கார் மெதுவா இறங்கும், வெடிச்சா ஒரேயடியா இறங்கும். கடல்காத்துல, ஜாக்குக்குள்ள இருந்து வெளியில தள்ளுற இரும்புத் தண்டுல (ராம்) சின்னச் சின்னக் குழியா கறள் விழுந்தா அது ஒவ்வொரு அடிக்கும் சீலை அறுக்கும், வெளியில பாக்கும்போது ஒண்டும் தெரியாது. ஒயில் குறைஞ்சா ஜாக் ஒயில்தான் விடணும், பிரேக் ஒயிலை விட்டா சீல் ஊதிக் கெட்டுப்போகும்.

எங்கட தெருத் தம்பி ஒருத்தர் கேட்டவர், "அண்ணா, கொங்கிரீட் கல்லு வீட்டையே தாங்குது, ஒரு காரைத் தாங்காதா?" எண்டு. நியாயமான கேள்வி. வீட்டுச் சுவர்ல கல்லுக்கு மேல முழுக்க சீமேந்துச் சாந்து பூசி பாரம் அந்தக் கல்லுட முழு முகத்துக்கும் பரவி நேர் கீழ இறங்குது, காரோட விளிம்போ குரொஸ் மெம்பரோ ஒரு விரல் அகல இடத்துலதான் அமத்துது, அதுவும் ஆக்கள் கல்லைப் படுக்க வச்சா பொள் பக்கம் வெளியில பாக்குது. அந்தக் கல்லு வளைஞ்சு முன்னறிவிப்புக் குடுக்காது, கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டைக் கையால நெரிக்கிற மாதிரி ஒரேயடியாப் பொடியும். செங்கல்லும் அதே. தம்பிக்கு விளங்கிட்டுது, இப்ப அவர் ஸ்டாண்ட் வச்சிருக்கிறார்.

ஸ்டாண்ட்ல ரெண்டு வகை. பல்லும் நெம்புகோலும் உள்ளது ஒண்டு, ஓட்டையில இரும்புப் பின் (ஊசி) போடுறது மத்தது. பல்லு உள்ளது கெதியா வேலை முடியும், ஆனா 2020ல அமெரிக்காவில ஹார்பர் ஃபிரெயிட் கம்பனி விற்ற பிட்ஸ்பேர்க் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில திருப்பி எடுத்தவை, பல்லும் கொக்கியும் சரியா மாட்டாம பாரத்தோட இறங்கலாம் எண்டு, அதுக்கு மாத்திக் குடுத்த 3 டன் ஸ்டாண்ட் கொஞ்சத்துலயும் பிறகு வெல்டிங் பிழை கண்டுபிடிச்சவை. அதால நான் பின் போடுறதை விரும்புறன், இல்லாட்டி பல்லோட சேத்துப் பாதுகாப்புப் பின்னும் உள்ளது. பாரக் கணக்கு இங்க பெரிய விசயமில்ல, 1,200 கிலோ காருக்கு 2 டன் சோடி காணும். உயரம்தான் விசயம். 6 டன் ஸ்டாண்ட் ஆகக் குறைஞ்சதே 40 செ.மீ கிட்ட, 3 டன் 28, 30 செ.மீ, பதிஞ்ச காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாத்தான் அது உள்ளுக்கே போகும். பெருசு எண்டா பாதுகாப்பு எண்டு நினைச்சு 6 டன் வாங்கினா அதுக்காகவே காரைத் தேவையில்லாம ஆபத்தான உயரத்துக்குத் தூக்குவீங்க. ஸ்டாண்ட் தலை வளைவா இருந்தா விளிம்பை நசிக்கும், அதுக்கும் வெட்டு விட்ட ரப்பர் வையுங்க. ரென்ஸ்டாண்ட் எண்டு ஒரு வகை இருக்கு, குறுக்குச் சட்டத்துக்குக் கீழ ஜாக் வச்சுத் தூக்கிட்டு ரெண்டு பக்கமும் காலைப் பொருத்திப் பின் போட்டு, ஜாக்கை வெளியில எடுக்கலாம், ஒரே இடத்துல ஜாக்கும் ஸ்டாண்டும் நிக்கணும் எண்டுற சிக்கலை நேரா தீர்க்குது. நடுவுல தூக்க இடமே இல்லாத காருக்கு இறக்குமதிச் செலவு பாக்காம வாங்கலாம், நடுவுல இடம் உள்ள காருக்குத் தேவையில்ல.

ஹேண்ட்பிரேக்கை நம்பாதீங்க. இந்தக் கார்கள்ல அது பின் சில்லைத்தான் பிடிக்குது, பின்பக்கம் தூக்கினா ஹேண்ட்பிரேக் காத்துல நிக்குது, முன் சில்லு ரெண்டும் சும்மா உருளும். கியர்ல போட்டுட்டன் எண்டும் சொல்லுவினம், பின்சில் இழுக்குற கார்ல ஒரு பின் சில்லை மட்டும் தூக்கினா டிஃபரன்ஷல் வழியா தூக்கின சில்லு ஒரு பக்கம் சுத்த, நிலத்துல உள்ள சில்லு மத்தப் பக்கம் உருளலாம், கியர் பிடிச்சுக்கொண்டே இருக்கும், கார் போய்க்கொண்டே இருக்கும். நிலத்துல நிக்குற சில்லு ஒவ்வொண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் சரிவான கட்டை வச்சு, காலால இறுக்கி அடிச்சுவிடுங்க. வீல் நட்டை நிலத்துல நிக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிடணும், தூக்கினதுக்குப் பிறகு முழுப் பலத்தோட இழுத்தா கார் ஸ்டாண்ட்ல ஆடும்.

கொழும்பு வீடுகள்ல நிலமே ஒரு பிரச்சினை. போர்ச்சுக்கு டைல் போட்டிருந்தா ஸ்டாண்ட் கால்ல டைல் வெடிக்கும், வெடிச்ச துண்டுல ஸ்டாண்ட் சாயும், 18 மி.மீ பிளைவுட் துண்டு ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழ போடுங்க. தார் போட்ட இடத்துல பகல் வெயில்ல தார் இளகி ஸ்டாண்ட் கால் புதையும், அதுக்கும் பிளைவுட் வேணும். ஃபிளாட்டுக்கடி பார்க்கிங்ல நிலம் தண்ணி ஓடுறதுக்காக வடிகால் பக்கம் சரிவா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு மட்டம் வச்சுப் பாத்தா விளங்கும், சரிவு கூடின இடத்துல தூக்கவே வேண்டாம். பலபேர் காரை மூக்கு முன்னால விட்டு நிப்பாட்டுறவை, பிறகு மதிலுக்கும் பம்பருக்கும் நடுவுல ஜாக் கைபிடிக்கு இடமில்ல, ஒரு மீட்டருக்கு மேல இடம் வேணும், ரிவர்ஸ்ல விட்டு நிப்பாட்டினா அந்தக் கஷ்டம் இல்ல. மழைக்காலத்துல, குறிப்பா மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும், திறந்த முத்தத்துல வேலையைத் தொடங்கி நடுவுல விட்டுட்டு ஓடுற மாதிரி வைக்காதீங்க.

ரெம்ப்புக்கு வருவம், அதாவது சில்லை ஏத்தி நிப்பாட்டுற சரிவான மேடை. ஒயில் மாத்துறதுக்கும் கீழ ஒருக்காப் பாக்குறதுக்கும் ரெம்ப் அருமையான சாமான், சில்லு நாலும் தன்ட டயர்லயே நிக்குது, ஜாக் பொயின்ட் தேடத் தேவையில்ல, விளிம்பு நசியாது. பாதுகாப்புல ஸ்டாண்டை விட நான் இதைக் கூட நம்புவன். ஆனா சாதாரண இரும்பு ரெம்ப் பதிஞ்ச காருக்குச் சரிவராது, சில்லு ஏற முன்னம் பம்பர் உதடு முட்டும். இதைக் கடைக்குப் போக முன்னமே கணக்குப் போடலாம். பம்பர் உதட்டுக்கும் நிலத்துக்கும் உள்ள உயரத்தை, உதட்டுல இருந்து முன் டயர் நிலத்தைத் தொடுற இடம் வரைக்கும் உள்ள தூரத்தால பிரியுங்க. உதாரணத்துக்கு 12 செ.மீ உயரம், 60 செ.மீ தூரம் எண்டா 0.2. ரெம்ப்புட உயரத்தை அதுட சரிவு நீளத்தால பிரிச்சா வாற எண் இதை விடக் குறைவா இருக்கணும். கடையில உள்ள ரெம்ப் 20 செ.மீ உயரத்துக்கு 60 செ.மீ சரிவு எண்டா 0.33, கட்டாயம் முட்டும். அதே 20 செ.மீக்கு 1.2 மீட்டர் சரிவு வேணும், அப்பத்தான் கொஞ்சம் மிச்சம் வச்சு ஏறும். நீளமான ரெம்ப்பை வைக்க இடம் இல்லாட்டி முதல் சொன்ன பலகையையே ரெண்டு மூண்டு தட்டா அடுக்கி, ஒவ்வொரு தட்டையும் ஒரு அடி உள்ளுக்குத் தள்ளி ஸ்குரூ அடிச்சு, கடைசியில சில்லு தாண்டிப் போகாம ஒரு குறுக்குக் கட்டையும் அடிச்சா நல்ல ரெம்ப் வரும், ஓடி வழுக்காம இருக்க அடியில ரப்பர் ஒட்டுங்க. ஏறும்போது ஒருத்தர் வெளியில பக்கத்துல நிண்டு பாத்துச் சொல்லணும், காருக்கு முன்னால நிக்கக்கூடாது.

ரெம்ப்புல முடியாதது எது? சில்லு கழட்டுற வேலை ஒண்டும் முடியாது, பிரேக், ஷொக், புஷ் எல்லாம் போச்சு. கியர் ஒயிலும் டிஃபரன்ஷல் ஒயிலும் விடுறதும் சரிவராது, ஏனெண்டா அது விடுற ஓட்டை மட்டத்துக்கு ஒயில் வந்து வழியுற வரைக்கும் விடுற கணக்கு, கார் முன்னுக்கு எழும்பி நிண்டா அளவு பிழைக்கும். அந்த வேலைக்கு நாலு ஸ்டாண்ட்ல சமமட்டமா நிக்கணும், இல்லாட்டி லிஃப்ட்.

குவிக்ஜாக் எண்டு அமெரிக்க பென்ட்பாக் கம்பனி செய்யிற சாமான் இருக்கு, ரெண்டு நீளச் சட்டம், ரெண்டு பக்கமும் கீழ தள்ளி மோட்டர்ல தூக்குறது, மடிச்சா கிட்டத்தட்ட 7.5 செ.மீ தான், பதிஞ்ச காருக்கெண்டே செய்த மாதிரி. மேல போனதும் இரும்புப் பூட்டு விழும், அதால கரண்ட் போனாலும் இறங்காது. ஸ்டாண்டோட மினக்கெடுறதை விட இது பத்து மடங்கு லேசு. வாங்குற ஆள் 110 வோல்ட் மோட்டரை இறக்காம எங்கட 230 வோல்ட்டுக்கு உள்ளதோ 12 வோல்ட் பட்டரியில ஓடுறதோ பாத்து எடுக்கணும், உங்கட காரோட ஜாக் பொயின்ட் ரெண்டுக்கும் நடுவுல உள்ள நீளம் சட்டத்துக்குப் பொருந்துமா எண்டும் அளக்கணும், எஸ்660 மாதிரிச் சின்னக் காருக்குச் சட்டம் நீளம் கூடிரலாம். சொந்த வீடு, சமமான கொங்கிரீட் நிலம், வீட்டில ரெண்டு மூண்டு கார் உள்ள ஆளுக்கு இது சரியான முதலீடு. ஃபிளாட் ஆளுக்கு வைக்க இடமே இல்ல.

கராஜ் லிஃப்ட். சிலபேர் இதைத் தோல்வி எண்டு நினைக்கினம், அப்பிடி இல்ல. கியர்பொக்ஸ் கழட்டுறது, கிளட்ச், எக்ஸோஸ்ட் முழுசா மாத்துறது எல்லாம் ரெண்டு தூண் லிஃப்ட்லதான் நியாயமாச் செய்யலாம், ஸ்டாண்ட்ல படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல கியர்பொக்ஸை இறக்குறதை நான் ஆருக்கும் சொல்ல மாட்டன். ஆனா அங்கயும் காரைக் குடுத்துட்டு ரீ குடிக்கப் போயிராதீங்க. ஒரு டயர் கடையில என்ட கண் முன்னாலயே ஒரு பெடியன் ரோட்ஸ்டர் ஒண்டை விளிம்புக்கு நடுவுல ஜாக் அடிச்சு ஒரு சாண் நீளத்துக்கு மடிச்சுப்போட்டான், காரோட சொந்தக்காரர் ஃபோன்ல கதைச்சுக்கொண்டு நிண்டவர். கராஜ் பாஸிட்ட (மெக்கானிக்கிட்ட) மரியாதையாச் சொல்லுங்க, "பாஸ், இது பதிஞ்ச கார், தூக்குற இடத்தை நான் காட்டுறன், இந்த ரப்பரை வச்சுத் தூக்குங்க" எண்டு. நல்ல பாஸ் ஆரும் கோவிக்க மாட்டார். குழிக்கு மேல விடுற சேர்விஸ் ஸ்டேஷன் எண்டா குழி விளிம்பு உயர்ந்திருக்கா, சைலன்சர் இடிக்குமா எண்டு இறங்கிப் பாத்துட்டு விடுங்க.

என்ட முடிவு இதுதான். ஒயில் மட்டும் மாத்துற ஆளுக்கு நீளமான ரெம்ப்போ அடுக்கின பலகையோ போதும், ஜாக் வாங்கவே தேவையில்ல. பிரேக், ஷொக், சில்லு வேலை செய்யிற ஆளுக்கு லோ புரொஃபைல் ஜாக், ரெண்டு பலகை, பின் போட்ட ஸ்டாண்ட் ஒரு சோடி. கியர் ஒயில் வரைக்கும் போற ஆளுக்கு ஸ்டாண்ட் ரெண்டு சோடி. மூண்டாம் மாடி ஃபிளாட், சரிஞ்ச பார்க்கிங், மனேஜ்மென்ட்காரர் ஒயில் சிந்தினா சண்டைக்கு வருவினம் எண்டுற நிலைமையில இருக்குற ஆள், நிலம் நல்லா உள்ள சிநேகிதர்ட வீட்டுக்குப் போங்க, இல்லாட்டி கராஜுக்குப் போங்க. சரிவான நிலத்துல நல்ல ஜாக் வச்சிருந்தும் பிரயோசனம் இல்ல.

ஸ்டாண்ட்ல இறக்கினதும் கீழ போக முன்னம் காரை இடுப்பால பக்கவாட்டா நல்லாத் தள்ளிப் பாருங்க, ஆடி விழுறதெண்டா நீங்க வெளியில நிக்கும்போதே விழட்டும். ஜாக்கை எடுத்துராம தூக்குற இடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவையுங்க. கழட்டின சில்லைப் பழைய சாக்குல படுக்க வச்சு விளிம்புக்குக் கீழ தள்ளுங்க, எல்லாம் பிழைச்சாலும் அந்த 20 செ.மீ அகலம் உங்கட நெஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவுல இருக்கும். தனிய வேலை செய்யாதீங்க, வீட்டில ஆராவது கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல இருக்கட்டும், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க. இறக்கும்போது ஜாக்ட வால்வைக் கால் சுத்துக்கும் குறைவாத் திறந்து மெதுவா விடுங்க, கீழ ஸ்பனர், பலகை, கை ஒண்டும் இல்லை எண்டு பாத்துட்டு. நட்டைக் கடைசியா இறுக்குறது கார் நிலத்துல நிண்டாப் பிறகு, இறுக்குற பலத்தை அளக்குற டோர்க் ரென்ச்சால, கனக்க ஹொண்டா காருக்கு 108 நியூட்டன் மீட்டர், மத்ததுக்கு மனுவல்ல பாருங்க.

ஜாக் வாங்க பஞ்சிகாவத்தைப் பக்கம் போறதெண்டா வீட்டிலயே காரோட விளிம்பு உயரம், குரொஸ் மெம்பர் உயரம், பம்பர்ல இருந்து குரொஸ் மெம்பர் வரைக்கும் உள்ள தூரம் மூண்டையும் டேப் வச்சு அளந்து எழுதிக்கொண்டு போங்க. கடையில பெட்டியில அடிச்சிருக்குற உயரத்தை நம்பாம ஜாக்கை முழுசா இறக்கி குண்டுட உயரத்தை நீங்களே அளவுங்க, குண்டு மட்டும் பதிஞ்சு பின்னால உடம்பு உயர்ந்திருக்குற ஜாக்கும் இருக்கு, அது குண்டு போனாலும் உடம்புல முட்டும், அதால ஜாக்ட நடு உயரத்தையும் அளக்கணும். பாவிச்ச ஜாக் எண்டா கடைக்காரரிட்டச் சொல்லி அங்க நிக்குற ஏதாவது வாகனத்தைத் தூக்க வச்சு, பத்து நிமிசம் பொறுத்து, உயரம் குறைஞ்சிருக்கா எண்டு பாத்துட்டுக் காசைக் குடுங்க.